மகன் வீடு திரும்பினான், குணமடைந்தானா?



நற்செய்தியாளர் மாற்கு தமது நூலின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊரில் நடந்த ஒரு குணமாக்கலைக் குறிப்பிடுகின்றார். ஏனைய மூன்று நற்செய்தி நூல்களிலும் இந்நிகழ்ச்சி இல்லை. பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் சென்ற ஆண்டவர், அவருடைய விழிகளில் உமிழ்ந்து, கைகளை வைத்த பின்னர், பார்வை கிடைத்துள்ளதா என்று அவரிடமே வினவுகின்றார். அம்மனிதரும் மறைக்காமல் பதில் சொல்கின்றார். மனிதர்கள் தெரிகின்றார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகின்றார்கள். ஆண்டவர் சினம் கொள்ளவில்லை, ஏமாற்றமும் அடையவில்லை. மீண்டும் ஒருமுறை கைகளை வைக்கின்றார். அதன் பின்னரே அவருக்கு முழுத் தெளிவு உண்டாகின்றது.

குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, சீடர்களின் விசுவாசம் படிப்படியாகத் தெளிவடைவதை இது குறிக்கின்றது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவ்விளக்கம் சரியானதே. ஆனால் போதைப்பொருளில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோருடன் பழகத் தொடங்கிய நாள் முதலாக, இரண்டு கைவைப்புகளுக்கும் இடையில் உள்ள அந்தக் கேள்விதான் என்னை விடாமல் பற்றிக்கொண்டுள்ளது. குணமளிப்பவர் பலனை விசாரிக்கின்றார். குணம் பெறுபவரோ அரைகுறைப் பார்வையை அரைகுறை என்றே சொல்லத் துணிகின்றார்.

மேலே செல்லுமுன் என் தவறொன்றை உங்கள்முன் ஏற்றுக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கில், பதினாறு வயது மாணவன் ஒருவன் ‘ஐஸ்’ போதைப்பொருளுக்கு அடிமையானான். தந்தை வெளிநாட்டில். தாய் தனித்து நின்று, நகைகளை அடகு வைத்து, தூர இடத்து மறுவாழ்வு நிலையமொன்றில் அவனைச் சேர்த்தார். இரண்டு மாதங்களின் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னங்கள் சற்று நிரம்பியவனாக, தலைமயிரை ஒழுங்காக வெட்டியவனாக, அவன் திருப்பலியில் முன்வரிசையில் வந்து நின்றான். மறையுரையின் நடுவே நான் அவனை எழுந்து நிற்கச் சொன்னேன். காணாமற்போன மகன் திரும்பி வந்துவிட்டான் என்று அறிவித்தேன். மக்கள் கைதட்டினார்கள். தாய் அழுதார். நானும் நெகிழ்ந்துபோனேன், அந்த நெகிழ்ச்சியில் எனக்கே உரிய ஒரு பெருமையும் கலந்திருந்தது.

ஆறாவது வாரம் அவன் மீண்டும் பாவித்தான். ஒரேயொரு முறை. அதை அவன் எவரிடமும் சொல்லவில்லை. முழுப் பங்கும் கைதட்டி ‘குணமானவன்’ என்று ஏற்றுக்கொண்ட பிள்ளை, இன்னும் குணமாகவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வான்? திருப்பலிக்கு வருவதை நிறுத்தினான். ஒருமுறை பலமுறையாயிற்று. தாய் அறிந்துகொண்டு அறைவீட்டுக்கு ஓடி வந்தபோது நான்கு மாதங்கள் கடந்திருந்தன. “சுவாமி, செலவழிச்ச காசும் வீண், செபிச்ச செபமும் வீண்” என்று விறாந்தையில் இருந்து அழுதார். அவருக்குச் சொல்ல என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. அதன் பின்னர்தான், வளரிளம் பருவத்தினருக்கு அளிக்கப்படும் சிகிச்சையின் பலனை எப்படி அளவிடுவது என்பது பற்றி ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நாம் முதலில் தவறுவது நாளில். பிள்ளை வாசலில் வந்து இறங்கும் நாளிலேயே தீர்ப்பு எழுதிவிடுகின்றோம். நிலையத்துக்குள் அவன் பாவிக்காமல் இருந்தான் என்பது நிலையத்தின் மதில் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லுமேயன்றி, பிள்ளையின் நிலையைச் சொல்லாது. அவனுடைய சோதனை பழைய நண்பனின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முனையில் வந்து நிற்கும் அன்றைக்குத்தான் ஆரம்பமாகின்றது.

ஆய்வாளர்கள் அப்படி அவசரப்படுவதில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பேர்க், மினியாபொலிஸ், சிக்காகோ, போர்ட்லண்ட் ஆகிய 4 நகரங்களில் 23 சிகிச்சை நிலையங்களில் 1993 முதல் 1995 வரையான காலத்தில் சேர்ந்த 1,167 பிள்ளைகளை ஓர் ஆய்வுக் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சைக்கு முந்திய ஓராண்டில் அப்பிள்ளைகள் எப்படி இருந்தார்கள், சிகிச்சைக்குப் பிந்திய ஓராண்டில் எப்படி இருந்தார்கள் என்று ஒப்புநோக்கி, 2001ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். வாரந்தோறும் அல்லது அதற்கு மேலாகக் கஞ்சா பாவித்தோர் 80.4 சதவீதத்திலிருந்து 43.8 சதவீதமாகக் குறைந்திருந்தனர். அளவுமீறி மது அருந்தியோர் 33.8 சதவீதத்திலிருந்து 20.3 சதவீதமாகவும், குற்றச்செயல்களில் ஈடுபட்டோர் 75.6 சதவீதத்திலிருந்து 52.8 சதவீதமாகவும் குறைந்தனர். கஞ்சா தவிர்ந்த ஏனைய சட்டவிரோதப் போதைப்பொருட்களைப் பாவித்தோர் தொகையோ 48 சதவீதத்திலிருந்து 42.2 சதவீதமாக மட்டுமே இறங்கியது.

இவ்வெண்களை நீங்கள் எப்படி வாசிக்கின்றீர்கள்? “ஒரு வருடத்தின் பின்னும் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் வாராவாரம் கஞ்சா புகைக்கின்றார்களே, இதற்கா சிகிச்சை?” என்று ஒருவர் கேட்கலாம். வாரந்தோறும் புகைத்தவர்களின் தொகை ஏறத்தாழ அரைவாசியாகியுள்ளதே என்று இன்னொருவர் சொல்லலாம். இருவரும் ஒரே எண்ணைத்தான் பார்க்கின்றார்கள். குணமானான், குணமாகவில்லை என்ற இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்திருக்கும் நம் பழக்கத்துக்கு இப்படிப்பட்ட எண்கள் அடங்குவதில்லை. கடைசி எண் கசப்பானது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கடுமையான போதைப்பொருட்களோடு போராடும் வீடுகளில் மாற்றம் மெதுவாகவே வரும் என்று எதிர்பார்த்திருப்பது நல்லது.

அதே ஆய்வில், தங்கியிருக்கும் நிலையங்களிலும் வெளிநோயாளர் சிகிச்சையிலும் 90 நாட்களுக்குக் குறையாமல் தொடர்ந்தவர்கள், குறுகியகால வைத்தியசாலைச் சிகிச்சையாயின் 21 நாட்களுக்குக் குறையாமல் தொடர்ந்தவர்கள், இடையில் விட்டுச் சென்றவர்களைவிடச் சிறந்து விளங்கினர். போதையிலிருந்து முற்றாக விலகியிருக்கும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. மனம் இசைந்த பிள்ளைகளே நெடுநாள் தங்கியிருக்கவும் கூடும். ஆகவே நாட்களின் எண்ணிக்கைதான் குணமாக்கியது என்று துணிந்து சொல்லிவிட முடியாது. எனினும் மூன்றாவது வாரத்தில் “அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று தொலைபேசியில் அழும் குரலுக்கு இளகும் முன், இந்த எண்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையம் சிறந்தது என்று என்னிடம் அடிக்கடி கேட்கின்றார்கள். இக்கேள்விக்கு அமெரிக்காவின் மற்றோர் ஆய்வு ஒருவகையில் பதில் தருகின்றது. கஞ்சாவுக்கு அடிமையான 600 பிள்ளைகளுக்கு, மத்தியாவைத் தெரிவுசெய்யத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டதைப் போல, ஐந்து சிகிச்சை முறைகளுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பன்னிரண்டாம் மாதங்களில் மீண்டும் சந்தித்து விசாரித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி ஐந்து முறைகளும் பயன் தந்தன. அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஐந்தே ஐந்து சந்திப்புகள் கொண்ட மிகக் குறுகிய முறைகூட, நீண்ட முறைகளுக்கு அதிகம் பின்தங்கவில்லை. ஆகவே நிலையத்தின் பெயரைக் கேட்பவர்களிடம் இப்போது நான், பிள்ளை திரும்பி வந்தபின் என்ன செய்யப்போகின்றீர்கள் என்று திருப்பிக் கேட்கின்றேன். பலருக்கு இது பிடிப்பதில்லை.

ஒருமுறை வழுக்கினால் அனைத்தும் வீண்தானா? 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் தோமஸ் மக்லெலன் முதலியோர் எழுதிய கட்டுரை இதற்குத் தெளிவான விளக்கம் தந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதமானோர் ஓராண்டுக்குள் மீண்டும் போதைப்பொருளை நாடுகின்றனர். உயர் குருதியமுக்கமும் தொய்வு நோயும் உள்ளவர்களில் 50 முதல் 70 சதவீதமானோர் ஒவ்வோர் ஆண்டும் நோய் திரும்பி மீண்டும் வைத்தியரை நாடவேண்டியவர்களாகின்றனர். நம் வீட்டுப் பாட்டிக்கு ‘பிறசர்’ மீண்டும் ஏறினால், முதல் கொடுத்த மருந்து வீண் என்று எவரும் சொல்வதில்லை; மாத்திரையை மாற்றித் தருமாறு வைத்தியரிடம் கூட்டிச் செல்கின்றோம். பேரனுக்கு மட்டும் ஒரே தவணையில் முடிந்துவிட வேண்டும் என்கின்றோம்.

பிள்ளைகள் வழுக்கும் விதமும் பெரியவர்களினதைப் போன்றதன்று. சான் டியாகோ நகரில் சன்ட்ரா பிரவுன் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980களின் இறுதியில் கண்டறிந்தபடி, பெரியவர்கள் பெரும்பாலும் தனிமையிலும் மன உளைச்சலிலும் மீண்டும் வீழ்கின்றனர். பிள்ளைகளோ பாவிக்கும் நண்பர்களின் நடுவிலேயே பெரும்பாலும் வீழ்கின்றனர். சிகிச்சை முடித்த பிள்ளைகளில் மூவரில் ஏறத்தாழ இருவர் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு தடவையாவது மீண்டும் பாவித்திருந்தனர். என் பங்கு மாணவனின் ஆறாவது வாரம் ஓர் அபூர்வ நிகழ்ச்சியல்ல என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். நான் அவனை எழுந்து நிற்கச் சொன்ன நாளோ, ஆபத்து மிகுந்த அந்த மூன்று மாதங்களின் வாசற்படியாக இருந்தது.

அப்படியாயின் வீட்டில் எதை அளப்பது? ஆய்வாளர்கள் ஒரு கலண்டரை விரித்து வைத்துக்கொண்டு, கடந்த தொண்ணூறு நாட்களில் எந்தெந்த நாள் பாவித்தாய் என்று பிள்ளையிடம் கேட்கின்றார்கள். பிறந்தநாள், பண்டிகை, பரீட்சை ஆகியவற்றைக் கலண்டரில் முதலில் குறித்தால் ஞாபகம் வரும். நம் பிள்ளைகளுக்கு மடு ஆடித் திருவிழாவும், ஆவணித் திருவிழாவும், தவணைப் பரீட்சையும் அப்படிப்பட்ட அடையாளங்கள். முன்பு தொண்ணூறு நாட்களில் எண்பது நாள் பாவித்தவன் இப்போது ஐந்து நாள் பாவித்திருந்தால், அந்த ஐந்தை மட்டும் பார்த்துக் கூச்சலிடுவதா, எழுபத்தைந்தையும் சேர்த்துப் பார்ப்பதா? ஐந்தும் ஆபத்துதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து நாட்களும் எங்கே, யாரோடு கழிந்தன என்பதை அறிந்தால்தான் அடுத்த தொண்ணூறு நாட்களுக்கு வழி பிறக்கும். பாடசாலைக்குப் போன நாட்கள், இரவு உறங்கிய நேரம், வீட்டில் ஒரே மேசையில் உண்ட வேளைகள், புதிதாகச் சேர்ந்த ஒரு நல்ல நண்பன் ஆகியவையும் அக்கணக்கில் சேர வேண்டியவையே.

சிறுநீர்ப் பரிசோதனையில் நம்பிக்கை வைக்கும் பெற்றோர் பலர். அதற்கும் பயன் உண்டு, எல்லையும் உண்டு. ‘ஐஸ்’, ஹெரோயின் போன்றவற்றின் தடயம் சில நாட்களில் மறைந்துவிடும். நெடுநாள் கஞ்சா பாவித்தவனிடமோ, விட்ட பின்னும் வாரக்கணக்கில் தடயம் நிற்கலாம். எனவே பரிசோதனையில் தப்பியவன் விட்டவன் என்றோ, பிடிபட்டவன் நேற்றுப் பாவித்தவன் என்றோ உறுதி கூற இயலாது. பிள்ளை சொல்வது, பெற்றோர் காண்பது, பரிசோதனை காட்டுவது ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்தே வைத்தியர்கள் முடிவுக்கு வருகின்றனர்.

மனத்தையும் பார்க்க வேண்டும். நான் முதலில் குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளில் 64 சதவீதமானோருக்குப் போதைப் பழக்கத்தோடு வேறொரு உளநலப் பிரச்சினையும் இருந்தது. போரில் உறவுகளை இழந்த வீடுகளிலும், பெற்றோரில் ஒருவர் கடல் கடந்து வாழும் வீடுகளிலும் வளரும் நம் பிள்ளைகளை நினைக்கும்போது இது எனக்கு வியப்பளிக்கவில்லை. போதை நின்ற பின்னரும் பிள்ளை பேசாமல், சிரிக்காமல், அறைக்குள்ளேயே கிடந்தால், சிகிச்சையின் ஒரு பாதி இன்னும் தொடங்கப்படவில்லை என்று கொள்ளுங்கள்.

தங்கள் நிலையத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குணமாகின்றார்கள் என்று எவராவது சொன்னால், மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: சேர்ந்தவர் எத்தனை பேர், இடையில் போனவர் எத்தனை பேர்? ஓர் உதாரணத்துக்கு, நூறு பிள்ளைகள் சேர்ந்து, அறுபது பேர் இடையில் வெளியேறி, எஞ்சிய நாற்பது பேரில் முப்பது பேர் நலமாயிருக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் முப்பது என்றால் எழுபத்தைந்து சதவீதம். நூறில் முப்பது என்றால் முப்பது சதவீதம்தான். இரண்டும் பொய்யல்ல, ஆனால் நகையை அடகு வைக்கும் தாய்க்கு இரண்டாவது கணக்கே தேவைப்படுகின்றது.

“அடித்தாவது திருத்தட்டும் சுவாமி” என்று சொல்லும் தந்தையரும் உளர். அவர்களுடைய களைப்பு எனக்குப் புரிகின்றது. ஆனால் அடிக்குப் பயந்து வாய் மூடிய பிள்ளையிடம் உண்மையான பதிலை எவரும் பெற இயலாது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012 மார்ச் மாதத்தில் கூட்டாக அரசுகளைக் கேட்டுக்கொண்டன. நம் நாட்டில் 1984 முதல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இயங்கி வருகின்றது. அதன் உளவளத்துணையாளர்களிடமோ, அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ முதலில் ஆலோசனை பெறுங்கள்.

பங்குச் சமூகமாக நமக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வொன்றையும் கண்டேன். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், நிலையத்திலிருந்து வெளியேறிய 12 முதல் 17 வயது வரையான 183 பிள்ளைகளில் ஒரு பகுதியினரை வழமைபோல் “கிளினிக்குக்கு வாருங்கள்” என்று அனுப்பினார்கள். மற்றப் பகுதியினருக்கு, 90 நாட்கள் ஒரு பணியாளர் வீடு தேடிச் சென்றார். 2007இல் வெளியான முடிவின்படி, வீடு தேடிச் செல்லப்பட்ட பிள்ளைகளே சிகிச்சையோடு அதிகம் தொடர்பில் நின்றனர். கஞ்சாவிலிருந்தும் அதிகம் விலகியிருந்தனர். நம் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் டி போல் சபையினரும் வாரந்தோறும் நோயாளர் வீடுகளைச் சந்திக்கின்றார்கள். அந்தப் பட்டியலில் நிலையத்திலிருந்து திரும்பிய பிள்ளையின் வீடும் ஏன் இருக்கக்கூடாது? ஒரு நிபந்தனை: ஆலயத்தில் அறிவித்தல் வேண்டாம்.

டப்ளின் நகரத் தொழிலாளியான வணக்கத்துக்குரிய மத்தேயு தல்போட் பன்னிரண்டு வயதளவில் மதுக்கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தபோதே குடிக்கப் பழகினார். 1884இல், தமது 28ஆவது வயதில், இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். அவ்வுறுதிமொழி வாழ்நாள் முழுவதற்குமானது அன்று. முதலில் மூன்று மாதங்களுக்கு. பின்னர் ஆறு மாதங்களுக்கு. அதன் பின்னரே வாழ்நாளுக்கு. 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் வீதியில் விழுந்து இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை.

சீனாவின் புனித மாற்கு ஜி தியான்சியாங்கின் கதை வேறு. ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த அவர், வயிற்று நோய்க்கென அபினை உட்கொண்டு அதற்கு அடிமையானார். ஒரே பாவத்தோடு மீண்டும் மீண்டும் வருகின்றாரே என்று ஒப்புரவு வழங்கும் குரு மன்னிப்பை மறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அருட்சாதனங்களின்றி வாழ்ந்தும் அவர் ஆலயத்தை விட்டகலவில்லை. 1900ஆம் ஆண்டில் குடும்பத்தோடு கைதாகி, குடும்பத்தில் எவரும் தனியே சாகக்கூடாது என்பதற்காகத் தம்மை இறுதியாகக் கொல்லும்படி கேட்டு, மறைசாட்சியாக இறந்தார். 2000ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அந்தக் குருவை நான் குறை கூறமாட்டேன். அடிமைத்தனம் ஒரு நோய் என்று அக்காலத்தில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த மாணவன் பின்னர் இரண்டாம் முறையும் சிகிச்சைக்குச் சென்றான். திரும்பி வந்தபோது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். இப்போது ஞாயிறு திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் நிற்கின்றான். சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். சமையலறைச் சுவரில் ஆலயக் கலண்டர் தொங்கியது. அதில் கடந்த மூன்று மாதங்களில் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. தாய் தேநீர் ஊற்றிக்கொண்டே, தான் அவற்றை இடவில்லை என்றும், ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் அவனே பேனையை எடுத்து வந்து இட்டான் என்றும் சொன்னார்.